வலிக்கவில்லை என்பாள், நம்பாதே

தம்பி,

அம்மாதான் எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்று முதல் வரி எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். போனில் பேசியிருக்கலாம்தான். நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், பின்னால் சிங்கப்பூர் ரயிலில் ஏதோ மணி அடிக்கும், நீ இறங்கும் இடம் வந்துவிடும். வாய்ஸ் மெசேஜ் போட்டால் அதை வேகமாக ஓடவிட்டுத்தான் கேட்கிறேன் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் கையெழுத்தை நீ மெதுவாகத்தான் படித்தாக வேண்டும். எதிர்வீட்டுப் பெண் இந்தத் தாள்களைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் படித்தால் படிக்கட்டும். அவளுக்கும் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற நித்யாவுக்குக் கையில் தீக்காயம். முடி எடுக்க லேசர் வைத்ததில் வந்தது. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். என்னிடமும் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். வருகிற சனிக்கிழமை காலுக்கு வைத்துக்கொள்ளப் போகிறேன் என்கிறாள். அவளைத் தடுக்க என்னால் முடியவில்லை. உன்னால் முடியும். ஏன் உன்னால்தான் முடியும் என்று சொல்வதற்குள் உன் அக்காவைப் பற்றியும் எழுத வேண்டி வரும். அவள் போனபிறகு நீயும் நானும் அவளைப் பற்றி முழுதாக ஒரு தடவை கூடப் பேசிக்கொள்ளவில்லை. அவள் பெயர் வந்தால் நீ போனை வேறு காதுக்கு மாற்றுகிறாய், நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

நிச்சயதார்த்தப் போட்டோ வந்த அன்று வீடியோ காலில் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? நானும் நித்யாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "கைய மட்டும் பாத்தா யாரு மாப்ள, யாரு பொண்ணுன்னே தெரியலியே" என்றாய். அவள் சிரித்தாள். நீ அதோடு விடவில்லை. "வாக்ஸிங்லாம் வேணாம் நித்யா, ரொம்ப வலிக்கும். லேசர் பண்ணிக்கோ. அது வலிக்கவே வலிக்காதாம், என் ப்ரெண்டு ஒய்ஃப் பண்ணிக்கிட்டாங்க" என்றாய். அவளுக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்துத்தான் சொன்னாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் சிரித்ததை மட்டும்தான் நீ பார்த்தாய். போன் அணைந்ததும் துப்பட்டாவை இழுத்து மணிக்கட்டு வரைக்கும் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. பெண்பிள்ளை, வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முடி எடுப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. உன் அக்கா கலை அந்த வேலையில்தான் நம் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டாள். உன் அப்பாவுக்கு மில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த நாளில், முத்தியால்பேட்டை மார்க்கெட் பக்கம் இருந்த பார்லரில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். பழகிப் பார்க்க யாரும் கை கொடுக்கவில்லை. ஒரு டப்பாவில் வாக்ஸும், கிழித்த துணிப் பட்டைகளும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "கையக் குடும்மா" என்றாள். "எதுக்குடி?" என்றேன். "சும்மா குடும்மா, ரொம்பத்தான்" என்று பிடித்து இழுத்தாள். வெந்நீரில் டப்பாவை வைத்து உருக்கி, ஐஸ் குச்சியால் தேன் மாதிரி தடவி, துணியை வைத்து நீவி, ஒரே இழுப்பு. நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி கலை, வூட்ல எவனாவது பூந்துட்டானா?" என்று கேட்டாள். "பயப்படாதீங்கக்கா, எங்கம்மாவ உரிச்சிட்டிருக்கேன்" என்று இவள் பதில் சொன்னாள்.

நீ சிரித்தாய். சும்மா இருக்கிறவளா அவள்? உன் காலைப் பிடித்து ஒரு பட்டையை ஒட்டிவிட்டாள். உன் கெண்டைக்காலில் ஒரு சதுரம் மட்டும் மொழுமொழு என்று ஆகிவிட்டது, நீ ட்யூஷனுக்குப் பேன்ட் போட்டுக்கொண்டு போனாய். அன்றைக்கு நீ போட்ட சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்டது. எல்லாரும் சிரித்தோம். நீ கத்தினதற்கு யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. இப்போது அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த தடவை அவள் கை கேட்டபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். மாடி வீட்டம்மாவிடம் மறுபடி மானம் போகக் கூடாது என்று. கலைக்குக் கோபம் வந்துவிட்டது. "வாய மூடிக்கிட்டா எனக்கு எப்படிம்மா தெரியும்? கத்து. நீ கத்துனாத்தான் சூடு ஜாஸ்தியா, ஆறிப்போச்சா, தோலு இழுக்குதா, எல்லாம் என் கைக்குத் தெரியும்" என்றாள். பார்லருக்கு வந்த ஒரு கல்யாணப் பெண்ணைப் பற்றியும் சொன்னாள். மாமியாரோடு வந்தவளாம். மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாளாம். துணியோடு தோலும் சேர்ந்து வந்த பிறகுதான் வாக்ஸ் அவ்வளவு சூடாக இருந்தது இவளுக்கே தெரிந்ததாம். "கத்தறவங்கள நெனச்சி எனக்குப் பயமே இல்லம்மா. சத்தம் போடாதவங்கள நெனச்சாத்தான் பயம்" என்றாள். அப்படிச் சொன்னவள்தான் தம்பி அவள்.

கல்யாணம் கட்டி மூலக்குளம் போனதும் வேலையை விட்டாள். எங்கள் வீட்டு மருமகள் அடுத்தவர் கால் முடி எடுக்கப் போக வேண்டாம் என்றார்கள். மற்றபடி அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு தடவை நான் போயிருந்தபோது அவள் மாமியார் காபி கொடுத்துவிட்டு, "உங்க பொண்ணு இருக்கற எடமே தெரியல சம்மந்தி. அவ்ளோ அமைதி" என்றாள். நம் வீட்டில் இவள் இருந்தால் ரேடியோ வேண்டாம் என்று சொல்லுவோமே, அவள். எனக்கு அப்போதே சுரீர் என்றிருக்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன்.

அவள் நாத்தனாருக்கு வளைகாப்பு அன்று காலையில் நான்தான் போன் பண்ணினேன். குரல் இழுத்தது. "இன்னாடி ஒரு மாதிரி பேசற?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா. வயிறு கொஞ்சம் புடிச்சாப்ல இருக்கு. வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி குடிச்சிட்டேன்" என்றாள். "சொல்லிட்டுப் போய்ப் படு" என்றேன். "வூட்ல விசேஷத்த வச்சிகிட்டு எப்படிம்மா படுக்கறது? ஒண்ணுமில்லம்மா, வை" என்றாள். வைத்துவிட்டேன். வைத்துவிட்டு உலை வைத்தேன். அந்த வளைகாப்பு வீடியோவில் அவள் இருக்கிறாள். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கை இடுப்புக்கு மேலே புடவையை அழுத்திப் பிடித்திருக்கிறது. சிரிக்கிறாள். மறுநாள் விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடல்வால் வெடித்து உள்ளேயெல்லாம் பரவிவிட்டது, காப்பாற்ற முடியவில்லை என்றார் டாக்டர். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோ வலிய எப்படிம்மா பொறுத்துகிட்டாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது எங்கள் எல்லாரையும்தான். அவள் வீட்டுக்காரர் தன் அம்மாவைப் பார்த்தார், அந்த அம்மா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

இதை எழுதிவிட்டேன். இனி நித்யா விஷயத்துக்கு வருகிறேன்.

லேசருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான். அவள் அம்மா, "அந்த மாதிரி ஏசி கிளினிக்கெல்லாம் எனக்கு வராது சம்மந்தி, நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றுவிட்டாள். கலையைத்தான் தனியாக விட்டுவிட்டேன், இவளுக்காவது கூடவே இருப்போம் என்று நானும் கிளம்பினேன். மாடியில் வெள்ளை வெளேர் என்று ஓர் அறை. மெஷின் வைக்கிற பெண் சின்னப் பெண்தான், நன்றாகப் பேசினாள். வாக்ஸிங்கைவிட இதில் வலி ஜாஸ்தியா என்று அவளிடம் கேட்டேன். "வாக்ஸிங்ல ஒரே இழுப்பு ஆன்ட்டி, உயிர் போயிட்டு வரும். இதுல ரப்பர் பேண்ட் சுண்டுனாப்ல இருக்கும், அவ்ளோதான். ஆனா ஒருத்தருக்கு ஒரு மாதிரி" என்றாள். கையின் ஒரு மூலையில் மெஷினை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு நித்யாவிடம் திரும்பி, "வலிய எங்கிட்ட மறைக்கக் கூடாது, சரியா? பத்துக்கு எவ்ளோன்னு சொல்லிகிட்டே வாங்க. உங்க ஸ்கின்னுக்கு நான் பாத்துதான் வைக்கணும்" என்றாள். கலை சொன்ன அதே பேச்சு. 

மூன்று பேருக்கும் கருப்புக் கண்ணாடி கொடுத்தாள். கையில் ஜெல்லைத் தடவினாள். பளிச் என்று வெளிச்சம், ஒரு சின்னச் சத்தம், முடி தீய்கிற வாசனை. "எவ்ளோ?" என்றாள். நித்யா என் பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பிவிட்டு "ஒண்ணு" என்றாள். பளிச். "எவ்ளோ?" "ஒண்ணுதான்." "சூப்பரா தாங்கறீங்களே. கொஞ்சம் ஏத்தவா, ரிசல்ட் நல்லா இருக்கும்?" "ஏத்துங்க." மறுபடி பளிச். மறுபடி "ஒண்ணு". மறுபடி ஏற்றினாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை, கண்ணாடி மறைத்தது. கால் தெரிந்தது. அவள் கால்விரல் பத்தும் உள்ளே மடங்கி, அந்தக் கட்டில் விரிப்பைக் கவ்விப் பிடித்திருந்தன. அதை நான் பார்த்தேன் தம்பி. பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லை, தாங்குகிற பெண், நம் வீட்டுக்குச் சரியாக வருவாள் என்று நினைத்தேன். மூலக்குளத்துக்காரி காபி கொடுத்துவிட்டுச் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதற்கப்புறம் அவள் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. காய்ச்சல், தலைவலி, தம்பி முறைப் பையனுக்குப் பரீட்சை என்று ஏதாவது சொல்வாள். நேற்றைக்கு முந்தின நாள் கல்யாண ஜாக்கெட் போட்டுப் பார்க்க நெல்லித்தோப்பில் தையல்கார அம்மா வீட்டுக்குப் போனோம். இந்த வெயிலில் முழுக்கை சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். சுடிதாரைக் கழற்ற மாட்டேன் என்றாள், அதன் மேலேயே ஜாக்கெட் கையை மாட்டி அந்த அம்மா கீழே இழுத்தாள், நித்யாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்துப் போனது. "இன்னாம்மா, டைட்டா இருக்கா?" என்று கேட்டாள் அந்த அம்மா. "இல்லக்கா, சரியா இருக்கு" என்கிறாள். நான் எழுந்துபோய்ச் சுடிதார் கையை மேலே சுருட்டிப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே வரிசையாகக் கட்டம் கட்டமாக, மெஷின் வாய் எவ்வளவோ அவ்வளவு அளவில், இஸ்திரிப் பெட்டி முனையை வைத்து வைத்து எடுத்த மாதிரி கருத்திருந்தது. அதில் இரண்டு கட்டம் கொப்பளித்து உடைந்து, துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது?"

"லேசர்ல வர்றதுதான் அத்தை. தானா போயிடும்."

"யாரு சொன்னா போயிடும்னு?"

"போன்ல பாத்தேன்."

"வச்சப்பவே வலிச்சுதா?"

சுடிதார் கையைக் கீழே இழுத்து மூடினாள்.

"இப்பச் சொல்லு. பத்துக்கு எவ்ளோ?"

"ஒம்போது."

"அப்ப ஏண்டி ஒண்ணு ஒண்ணுன்னு சொன்ன?"

தையல்கார அம்மா கையிலிருந்த அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டாள். நித்யா ஜாக்கெட்டின் கொக்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே அத்தை. எப்படிக் கத்தறது? அவரு வேற வலிக்காதுன்னு சொல்லியிருந்தாரு."

காவலுக்கு என்று போனவள் நான். நான் போகாமல் இருந்திருந்தால் அவள் கத்தியிருப்பாள். அந்தப் பெண் மெஷினைக் குறைத்திருப்பாள். அன்றைக்கே அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து கொடுத்து, வெயில் படக் கூடாது, சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும், முழுசாக ஆறுகிற வரைக்கும் லேசர் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மெஷின் வைத்த பெண்ணுக்கும் போன் பண்ணினேன். "ஐயோ ஆன்ட்டி, அன்னைக்கே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே, கேட்டுக்கிட்டேதான இருந்தேன்" என்று அழுகிற குரலில் சொன்னாள். கேட்டாள்தான். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வரும் வழியில் ஆட்டோவில் நித்யா சொல்கிறாள்: "கைதான ஆறணும்னாங்க அத்தை. காலு நல்லாத்தான இருக்கு. சனிக்கிழமை வேற எடத்துல காலுக்கு வச்சிக்கறேன். அவரு ஆசைப்பட்டாரு." வேண்டாம் என்றேன். தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. வேறு இடம் என்றால் அங்கே இந்தக் காயத்தையும் மறைப்பாள். மறுபடியும் "ஒண்ணு" என்பாள்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வாக்ஸிங் வலியை நான் அறிவேன், நீயும் ஒரு சதுரம் அறிவாய். அது கூச்சல் போட வைக்கும், அங்கேயே முடிந்துவிடும், மூன்று வாரத்தில் முடி திரும்பி வந்துவிடும். லேசர் வலி சின்னச் சின்னதாகச் சுண்டும். ஒவ்வொன்றையும் தாங்கிவிடலாம் என்று தோன்றும். தாங்குகிறவளுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எவ்வளவு ஏறியது என்று தெரியும். எது நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை. அவள் கை, அவள் முடி, அவளே சொல்லட்டும். நீ செய்ய வேண்டியது ஒன்று. அவளைக் கூப்பிட்டு, அந்தப் போட்டோவைப் பார்த்து நீ சொன்னது விளையாட்டுக்கு என்று சொல்லாதே. விளையாட்டு என்று சொன்னால் அதற்கும் சிரிப்பாள். தப்பு என்று சொல். சனிக்கிழமை எங்கேயும் போக வேண்டாம் என்று உன் வாயால் சொல். அப்புறம், "வலிக்குதா?" என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கு நம் பெண்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. "எங்க வலிக்குது?" என்று கேள். கேட்டுவிட்டுப் போனை வேறு காதுக்கு மாற்றாமல் காத்திரு. நாளைக்கு உன் வீட்டில், உன் குழந்தையைச் சுமந்துகொண்டு, உனக்கு ஷிப்டு நேரம் ஆகிறதே என்று எதையாவது அவள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இப்படிக் கேட்க அன்றைக்குப் பழகிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே.

இவ்வளவு எழுதிவிட்டு, மனசு கேட்காமல் எழுந்துபோய் அவளுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்து எடுத்தாள். குரல் கரகர என்று இருந்தது. கை எப்படி இருக்கு என்றேன். பக்கத்தில் அவள் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. "நல்லாருக்கு அத்தை" என்றாள். குளிருகிற மாதிரி பல் தட்டியது, இந்த வெயிலில். "காய்ச்சல் அடிக்குதாடி?" என்றேன்.  அவள் சொன்னாள்:

"ஒண்ணுமில்ல அத்தை. நீங்க வைங்க."

எதிர்வீட்டுப் பெண் வாசலில் நிற்கிறாள், மீதியை எழுத நேரமில்லை. நீ இதைப் படித்ததும் அவளைக் கூப்பிடு. எடுக்காவிட்டால் என்னைக் கூப்பிடு, இப்போதே போய் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறேன், அவள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டேன்.

அம்மா